கதவோர வரிசை

இப்படி வாங்கம்மா, இங்க இடம் இருக்கு. பையை என் கால்கிட்ட வச்சுக்கிடுங்க. ஏன் யோசிக்கீங்க? மூணு பேர் சீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன், இத்தனை பேர் கம்பியைப் புடிச்சிட்டு நிக்காங்களேன்னு பாக்கீங்களா? நிக்கட்டும். அது அவங்க இஷ்டம். சீட்டுல ஒண்ணும் கொட்டிக் கிடக்கல. நான் துடைச்சிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

உங்களுக்கு இந்தப் பக்கம் இல்லையோ? பார்த்தாலே தெரியுது. இந்தப் பக்கத்துக்காரியா இருந்தா நீங்களும் நின்னுருப்பீங்க. ஆடி பொறந்ததுலேருந்து இப்படித்தான் நடக்கு. இவங்க எல்லாம் உப்பளத்துக்குப் போற பொம்பளைங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னால போயி, உப்பு வாரி, காலெல்லாம் வெந்துபோய்த் திரும்பி வாரவங்க. ஊர் வர்ற வரைக்கும் நின்னுகிட்டே வருவாங்க, எம்பக்கத்துல உட்கார மாட்டாங்க. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டாங்க. சொன்னாலாவது நானும் பதிலுக்கு நாலு கேட்டுருவேன்.

நான் டீச்சரும்மா. கணக்கு டீச்சர். சண்முகவடிவுன்னு பேரு, பிள்ளைங்க வடிவு டீச்சர்னு கூப்பிடும். கமிட்டி ஸ்கூல்ல பத்தாம் வகுப்பு எடுக்கேன். பன்னெண்டு வருஷமா எம்பாடத்துல ஒரு பிள்ளை ஃபெயிலானது கிடையாது. ஒரு பிள்ளை. வருஷா வருஷம் ஆண்டு விழாவுல கமிட்டித் தலைவர் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடுவாரு. எல்லாத்தையும் பீரோவுல அடுக்கி வச்சிருக்கேன். அதைக் கட்டவும் முடியாது, போர்த்திட்டுப் படுக்கவும் முடியாது. இருந்தாலும் திறந்து பார்த்தா ஒரு திருப்தி.

அந்தா, டிரைவருக்குப் பின்னால நிக்கா பாருங்க, தலையில பச்சைத் துண்டு, சுடிதாருக்கு மேல ஆம்பளைச் சட்டை. சின்னப் பிள்ளை. அவ பேரு சந்தனமாரி. போன வருஷம் எங்கிட்டப் படிச்சவ. அவளை வச்சுத்தான் இவ்வளவும். நான் மெதுவாவே சொல்லுதேன். அவ காதுல விழுந்தாலும் ஒண்ணுமில்லை, நான் நடக்காததைச் சொல்லப் போறதில்லை. நீங்க வெளியூர்க்காரங்க, ரெண்டு பக்கமும் சாராம கேப்பீங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

என் வகுப்புக்கு நீங்க ஒருநாள் வந்து பாக்கணும். ஊசி விழுந்தாக் கேக்கும். அதுக்காகப் பிரம்பெல்லாம் எடுக்கிறதில்லை. ஒரு பிள்ளை மேல கை நீட்டுனது கிடையாது. எனக்கு முன்னால ஒரு வாத்தியார் இருந்தாரு, பிள்ளைங்களை அடிச்சு அடிச்சு அவருக்குத் தோள்ல சுளுக்கு வந்துட்டு. ரிசல்ட்டு என்னாச்சு? பாதி வகுப்பு ஃபெயில். ஏன்னா, எல்லாரையும் நூறு வாங்கு, நூறு வாங்குன்னு சொன்னாரு. எல்லாரும் நூறு வாங்க முடியுமா? விரலுக்குத் தக்க வீக்கம்தான வேணும்?

நான் வந்து முதல் வேலையா வரிசை போட்டேன். ஜூன் மாசம் ஸ்கூல் திறந்த வாரமே ஒரு பரீட்சை வைப்பேன். எட்டாம் வகுப்பு, ஒம்பதாம் வகுப்புக் கணக்குதான். அதுலயே தெரிஞ்சிரும் யாரு என்னன்னு. ஜன்னலோரம் நூறு வரிசை. நடுவுல அறுபது வரிசை. கதவோரம் முப்பத்தஞ்சு வரிசை, முப்பத்தஞ்சுதான பாஸ் மார்க்கு. அந்த வரிசைக்கு நான் முழுப் பாடமும் நடத்த மாட்டேன். வடிவியல் படம் ஒண்ணு, கிராஃப் ஒண்ணு. ரெண்டும் கேள்வித்தாள்ல கட்டாயம் வரும், அதுலயே பதினாறு மார்க்கு. ஒரு மார்க்குக் கேள்விங்களை உருப்போட்டுக்கிடணும், சின்னக் கணக்கு நாலஞ்சு. முடிஞ்சுபோச்சு. வருஷம் முழுக்க அதையேதான் திரும்பத் திரும்பச் செய்யணும். நான் ஜன்னலோரத்துக்கு இருபடிச் சமன்பாடு நடத்திட்டிருப்பேன், கதவோரம் அதும்பாட்டுக்கு வட்டத்துக்குத் தொடுகோடு வரைஞ்சிட்டிருக்கும். தலை நிமிராது.

கதவோரத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். தெரியாததைத் தொடாதே. ஏன்னு கேளுங்க. பரீட்சையில இந்தப் பிள்ளைங்க ஆசைப்பட்டு ஒரு பெரிய கணக்குல கையை வச்சிரும். அதுலயே முட்டி மோதிக் கடைசியில தெரிஞ்ச படத்தையும் வரையாம எந்திரிச்சு வந்துரும். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்கன்னு சும்மாவா சொன்னாங்க? புதுசா வந்த டீச்சர் ஒருத்தி கேட்டா, இப்படிப் பிரிச்சு வச்சா பிள்ளைங்க மனசு வாடாதான்னு. மனசு வாடுனா பரவாயில்லம்மா, மார்க்கு வாடக் கூடாதுன்னு சொன்னேன்.

பாரபட்சம் பாக்கிறவ இல்லை நான். எம் மகனையே நடு வரிசையிலதான் உட்கார வச்சேன். எங்கிட்டத்தான் பத்தாவது படிச்சான். டீச்சர் மகன்னு ஜன்னலோரம் கொண்டுபோனா மத்த பிள்ளைங்க என்ன நினைக்கும்? அழுதான். ரெண்டு நாள் சாப்பிடல. அவுக அப்பா எங்கூடப் பேச்சை நிறுத்திட்டாக. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். பொங்கலுக்குப் போன் போடுவான், நான் எடுத்தா அப்பாகிட்டக் குடுங்கன்னு சொல்லுவான். அவன் அறுபதுதாம்மா. நான் சரியாத்தான் போட்டிருக்கேன்.

சரி, சந்தனமாரிக்கு வாரேன். போன வருஷம் ஜூன்ல பரீட்சை வச்சேன்லா, அன்னைக்கு இவ பேப்பரைக் கிட்டத்தட்ட வெறுமையாக் குடுத்தா. ரெண்டே ரெண்டு கணக்கு எழுதியிருந்தா. லீவு முழுக்க ஆத்தாகூட உப்பளத்துக்குப் போயிருக்கா. உப்பு அரிச்சு விரல் இடுக்கெல்லாம் புண்ணு. பேனா நிக்க மாட்டேங்கு டீச்சர், நாளைக்கு எழுதட்டுமான்னு கேட்டா. நாளைக்கு எழுதுனா அது பரீட்சையா? பப்ளிக்ல கை வலிக்குன்னு சொன்னா ஒத்துக்கிடுவாங்களா? கதவோரம் போய் உட்காருன்னு சொல்லிட்டேன். எழுதுன ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டை வச்சு என்னத்தைச் சொல்ல முடியும்?

அன்னைக்கே எல்லார்கிட்டயும் கேக்கேன், என்ன ஆகப் போறீங்கன்னு. வருஷா வருஷம் கேக்கறதுதான். போலீசுங்கும், நர்சுங்கும். கதவோரத்துல பெரும்பாலும் வாயைத் திறக்காது. இவ எந்திரிச்சு, கணக்கு டீச்சர்ங்கா. வகுப்பே சிரிச்சிட்டு. எனக்கும் சிரிப்பு வந்துட்டு, மறைக்க முடியல. முதல்ல பாஸாகு தாயின்னேன்.

அவ ஆத்தா பேரு இசக்கியம்மா. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவ எங்கையைப் புடிச்சிட்டுச் சொல்லுதா, டீச்சர், இவ அப்பன் ஒரே பேச்சாச் சொல்லிட்டாரு, பதினொண்ணுல கணக்கு குரூப் கிடைச்சாப் படிக்கட்டும், கிடைக்கலன்னா அளத்துக்கு வந்துரட்டும்னு. கணக்கு படிச்சவங்களுக்குத்தான் வேலைன்னு எவனோ மேஸ்திரி அவன் காதுல போட்டிருக்கான். எங்க ஸ்கூல்ல கணக்கு குரூப்புக்கு அறுபது மார்க்கு வேணும். இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லல. ஆனா கதவோரத்துலேருந்து அறுபது வாங்குன பிள்ளை இதுவரைக்கும் கிடையாதும்மா. எப்படி வாங்கும்? நான்தான் முப்பத்தஞ்சுக்கு மேல நடத்துறதே இல்லையே.

முதல் ரெண்டு மாசம் ஒழுங்காத்தான் இருந்தா. படம் வரைஞ்சா அச்சுல அடிச்ச மாதிரி இருக்கும். பிறகுதான் ஒருநாள் ஆரம்பிச்சா. ஜெபராணின்னு ஜன்னலோரத்துப் பிள்ளை, நூறு வாங்கப் போற பிள்ளை, போர்டுல காரணிப்படுத்திட்டு நிக்கி. எங்கயோ சிக்கிட்டு. நான் வேணும்னே சொல்லாம நிக்கேன், தானாக் கண்டுபிடிக்கட்டும்னு. கதவோரத்துலேருந்து ஒரு சத்தம்.

"டீச்சர், நடு உறுப்பைப் பிரிச்சதுதான் தப்பு. அங்க மைனஸ் வரணும்."

வகுப்பே திரும்பிப் பாக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? உன் படம் முடிஞ்சிட்டான்னு கேட்டேன். முடிஞ்சிட்டு டீச்சர்ங்கா. அப்ப இன்னொரு தடவை வரைன்னேன். கோவத்துல சொல்லல. இதை விட்டா நாளைக்கு நடு வரிசைக்காரன் எந்திரிப்பான், அடுத்த நாள் பின்னால இருக்கவன் எந்திரிப்பான், சந்தைக்கடை ஆயிரும். ஜெபராணியும் முகம் சுருங்கிப்போயிட்டு, அந்தப் பிள்ளை நம்பிக்கை இழந்துட்டா என் நூறு போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் இவ வந்து, என்னை நடு வரிசைக்கு மாத்துவீங்களா டீச்சர்னு கேட்டா. அரைப் பரீட்சையில முப்பத்தஞ்சு வாங்கு, பார்ப்போம்னு சொன்னேன். நியாயமான பேச்சுதான?

அரைப் பரீட்சை வந்துது. பேப்பரைத் திருத்துதேன், எனக்குக் கண்ணைக் கட்டிட்டு. பெரிய கணக்கு எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கா. கூட்டிப் பார்த்தா எழுபதைத் தாண்டுது. ஆனா வடிவியல் படத்தைப் பாதியில விட்டிருக்கா, நேரம் பத்தல. நான் ஆறு மாசமாச் சொல்லிக் குடுத்த படம்மா அது. நான் சொல்லிக் குடுத்ததை விட்டுட்டு, சொல்லிக் குடுக்காததையெல்லாம் எழுதியிருக்கா. எனக்கு வயிறெரிஞ்சு போச்சு, உண்மையச் சொல்லுதேன்.

கதவோரத்துப் பிள்ளை எழுபது வாங்குனா அதுக்கு என்ன அர்த்தம்? காப்பிதான். பரீட்சை ஹால்ல இவளுக்கு முன்னால ஜெபராணி உட்கார்ந்திருந்துச்சு. அதோட பேப்பரையும் இதையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஜெபராணி எழுதாம விட்ட ரெண்டு கணக்கை இவ எழுதியிருந்தா. அதுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல, அதை மட்டும் எங்கேருந்து பார்த்து எழுதுனான்னு. போகட்டும். நான் நடத்துனதுக்கு மட்டும் மார்க்கு போட்டேன். ஃபெயில். ஆத்தாளைக் கூட்டிட்டு வான்னு சொல்லிவிட்டேன்.

இசக்கியம்மா பதறி அடிச்சு வந்தா, காலுல போட்ட ரப்பர் பூட்சைக்கூடக் கழட்டல. நான் பொறுமையாத்தான் எடுத்துச் சொன்னேன். இது காப்பி. இங்க நான் பார்த்தேன், விட்டுட்டேன். பப்ளிக்ல மாட்டுனா டிபார் பண்ணிருவாங்க, பிறகு வருஷக்கணக்குல பரீட்சையே எழுத முடியாது, எம்பேரும் சேர்ந்து கெட்டுரும்னேன். டிபார்னா என்னன்னு அந்தப் பொம்பளைக்குத் தெரியல. ஜெயிலா டீச்சர்ன்னு கேட்டா. கிட்டத்தட்ட அப்படித்தான்னு சொன்னேன். பயமிருந்தாத்தான நல்லது.

இவ அங்கனயே நின்னு, நான் பாக்கல டீச்சர், நீங்க போர்டுல போடுறதைப் பாத்து நானாப் படிச்சேன்னு சொல்லுதா.

போர்டைப் பாக்கச் சொன்னேனா உன்னைன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சிட்டா.

ஸ்கூலை ஒட்டி ஒரு பத்திரகாளி கோயில். இசக்கியம்மா பிள்ளையைத் தரதரன்னு அங்க இழுத்துட்டுப் போனா. நான் போகச் சொல்லல. கூடப் போய்ச் செருப்பைக் கழட்டிட்டு நின்னேன், அவ்வளவுதான். எங்க பக்கத்துல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டா அதுக்கு மேல பேச்சே கிடையாது. கோர்ட்டுல கூண்டுல ஏறிப் பொய் சொல்லுவான், எரியுற சூடத்தைக் கையால அணைச்சிட்டுச் சொன்ன வார்த்தையை மாத்த மாட்டான். மீறுனா பெத்தவங்க கண்ணு போயிரும்னு ஒரு நம்பிக்கை. இசக்கியம்மாவுக்கு ஏற்கெனவே உப்பு வெள்ளையப் பார்த்துப் பார்த்து ஒரு கண்ணு மங்கல்.

சூடத்தைப் பொருத்தி வச்சிட்டு, காப்பி அடிக்க மாட்டேன்னு சொல்லுட்டின்னா. அது போதாதுன்னு எனக்குத் தோணுச்சு. காப்பி அடிக்கலன்னு சொல்லிட்டு மறுபடியும் அந்தப் பெரிய கணக்கையெல்லாம் தொட்டுட்டு, படத்தை விட்டுட்டு வந்துட்டான்னா? என் ரிசல்ட்டு என்னாகும்? அதனால நான்தான் வார்த்தை எடுத்துக் குடுத்தேன். டீச்சர் எனக்கு நடத்துனதைத் தவிர வேற எந்தக் கணக்கையும் பரீட்சையில தொட மாட்டேன். சத்தியம்னா சுத்தமா இருக்கணும்லா, அங்க இங்க ஓட்டை இருக்கக் கூடாது.

இவ என்னை நிமிர்ந்து பார்த்தா. "அப்ப அறுபது, டீச்சர்?"

"முதல்ல முப்பத்தஞ்சு," அப்படின்னேன்.

கொஞ்ச நேரம் சூடத்தையே பார்த்துட்டு நின்னா. பெறகு ஆத்தாளைப் பார்த்தா, அவ அந்த மங்கல் கண்ணைத் துடைச்சிட்டு நிக்கா. நான் சொன்னபடியே சொன்னா, ஒரு வார்த்தை விடல. உள்ளங்கையை வச்சு அமுத்துனா. சட்டுன்னு அணையல, ரெண்டாந்தடவையும் அமுத்த வேண்டியிருந்துச்சு.

அதுக்குப் பிறகு அவளைப் போல அடக்கமான பிள்ளை என் வகுப்புல கிடையாதும்மா. படம், கிராஃப், ஒரு மார்க்கு. படம், கிராஃப், ஒரு மார்க்கு. நான் சாக்பீஸை எடுத்துட்டுப் போர்டுப் பக்கம் திரும்புனாப் போதும், அவ தலை தன்னால குனிஞ்சிரும். மத்த டீச்சருங்ககிட்ட எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன், ஒரு பிள்ளையை அடிக்காம ஏசாம எப்படிக் கொண்டுவந்தேன் பாருங்கன்னு. ஒருநாள் ஜெபராணி மறுபடியும் போர்டுல சிக்கிட்டு நின்னுச்சு. நானே கதவோரத்தை ஒரு பார்வை பார்த்தேன். ஏன் பார்த்தேன்னு தெரியல. அவ காம்பஸை வச்சு வட்டம் போட்டுட்டிருந்தா.

பப்ளிக் வந்துது. கணக்குப் பரீட்சையன்னைக்கு எங்க சென்டருக்கு வேற ஸ்கூல்லேருந்து கிரேஸ்னு ஒரு டீச்சர் சூப்பர்வைசரா வந்தா. எனக்குத் தெரிஞ்சவதான். சாயங்காலம் போன் பண்ணுனா. உங்க ஸ்கூல் பிள்ளை ஒண்ணு, படத்தையும் கிராஃபையும் அழகா வரைஞ்சு, ஒரு மார்க்கையும் சின்னக் கணக்கையும் போட்டு, முதல் மணி நேரத்துலயே பேனாவை மூடி வச்சிட்டு. மிச்ச நேரம் பூராவும் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்துச்சு. உடம்பு சரியில்லையான்னு போய்க் கேட்டேன். இல்ல டீச்சர், எனக்கு உள்ளது முடிஞ்சிட்டுன்னு சொல்லுது. கேள்வித்தாளை வேற கவுத்துப் போட்டிருந்துச்சு, ஏன்ட்டி கவுத்து வச்சிருக்கன்னு கேட்டதுக்கு, "கண்ணுல பட்டா மனசு தன்னால போட்டுருது டீச்சர்"ங்குது. என்ன பிள்ளை அதுன்னு என்னைக் கேக்கா.

என் மாணவின்னு சொன்னேன். வேறென்ன சொல்ல? பெருமையாத்தான் இருந்துச்சு. எத்தனை டீச்சருக்கு வாய்க்கும், சொன்ன சொல்லைக் கண்ணு முன்னால ஆள் இல்லாதப்பவும் காப்பாத்துற பிள்ளை? அன்னைக்குச் சோறு இறங்கல எனக்கு. சித்திரை வெயில் அப்படி அடிச்சுது.

ரிசல்ட்டு வந்துது. முப்பத்தாறு. என் வகுப்பு மறுபடியும் நூத்துக்கு நூறு பாஸ். இசக்கியம்மா பூந்தி வாங்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா. அவளுக்குப் பாஸ்னாப் பாஸ், எந்த மார்க்கு எதுக்குன்னு எங்க தெரியும். எம்மக பாஸாயிட்டா, இனி கணக்கு குரூப்தான், அவ அப்பன் வாயை அடைச்சிட்டேன்னு சிரிக்கா. நான் ஒண்ணும் சொல்லல. சந்தோஷமா வந்தவகிட்ட வாசல்லயே வச்சு என்னத்தைச் சொல்ல. பூந்தியை எடுத்துக்கிட்டேன். பிள்ளை கூட வரல.

பிறகு ஜூன்ல அட்மிஷன். அன்னைக்கு ஹெட்மாஸ்டர் ரூம்ல நடந்ததைத்தான் வாசல்ல நின்ன பியூன் போய் டீக்கடையில சொல்லி, அது கை மாறி, கால் மாறி, இந்தா இங்க நிக்காங்களே இவங்க காதுவரைக்கும் போயிருக்கு. அவன் எப்படிச் சொன்னானோ. நடந்ததை நான் சொல்லுதேன் கேளுங்க.

எங்க ஹெட்மாஸ்டர் ஞானதுரை சார். இளகுன மனுசன், அதுதான் அவருகிட்ட உள்ள குறை. நான் ஏதோ கையெழுத்து வாங்க உள்ள போனேன். இசக்கியம்மா அவர் மேசைக்கு முன்னால நிக்கா, பக்கத்துல இவ. புதுத் துணி உடுத்தியிருந்தா. சார் விளக்கமாச் சொல்லிட்டிருக்காரு, கணக்கு குரூப்புக்கு அறுபது வேணும்மா, இவ முப்பத்தாறு, வேற குரூப் வேணும்னா தாரேன்னு. வேற குரூப்புக்கு இவ அப்பன் விட மாட்டாரு சார்ங்கா அந்தம்மா. அப்ப மறுபடி ஒரு தடவை பரீட்சை எழுதட்டும் சார், இந்தத் தடவை எல்லாத்தையும் எழுதுவான்னா.

சார் சொன்னாரு, ஃபெயிலானவங்கதாம்மா திரும்ப எழுத முடியும். பாஸானவங்களுக்கு இன்னொரு தடவை கிடையாது. இது கவர்மெண்ட் ரூலு.

அந்தப் பொம்பளை என் பக்கம் திரும்புனா. எங்கிட்டத்தான் கேட்டா, அவர்கிட்டக் கேக்கல.

"டீச்சர், அப்ப எம்புள்ளையை ஃபெயிலாக்கிவிட்டுருங்க டீச்சர்."

இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பேச்சை நான் கேட்டது கிடையாதும்மா. எத்தனையோ ஆத்தாமாரு வந்து பாஸ் போட்டுருங்கன்னு காலைப் புடிச்சிருக்காங்க. பாஸானவளை ஃபெயிலாக்குன்னு எந்தத் தாயாவது கேப்பாளா? அதுவும் எங்கிட்ட, பன்னெண்டு வருஷமா ஒரு பிள்ளையைக் கூட ஃபெயிலாக்காத எங்கிட்ட. எனக்கு அழுகை வந்துட்டு. கோவம்னு வச்சுக்கிட்டாலும் சரிதான். நான் அந்தப் பிள்ளையைக் கரையேத்தியிருக்கேன், அவ திரும்பத் தண்ணியில தள்ளச் சொல்லுதா.

ஞானதுரை சாருக்கு அதைக் கேட்டு முகமே மாறிட்டு. கண்ணாடியைக் கழட்டிட்டு இவளை ஒரு தடவை பார்த்தாரு. பிறகு எங்கிட்டச் சொன்னாரு.

"டீச்சர், மார்க்கு கிடக்கட்டும். அறுபதுங்கறது நாம வச்ச ரூலுதான, கவர்மெண்ட் வச்சது இல்லையே. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் இப்பவே சீட்டுப் போட்டுருதேன். இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வருமா?"

மூணு பேரும் என்னையே பாக்காங்க. இசக்கியம்மாவுக்குப் பாதிதான் விளங்குது, இருந்தும் எம் வாயையே பாத்துட்டு நிக்கா. இவ, சந்தனமாரி, ஆறு மாசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் எம்முகத்தை நேராப் பாக்கா.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன சொல்லணும்? வரும்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன கேப்பாரு? அப்ப முப்பத்தாறு எப்படி வந்துச்சும்பாரு. அரைப் பரீட்சையில நீங்கதான ஃபெயில் போட்டீங்கம்பாரு. ஒரு வருஷம் முழுக்க ஏன் கதவோரத்துல வச்சிருந்தீங்கம்பாரு. நாளைக்கு அந்த வரிசைக்காரங்க அத்தனை பேரோட ஆத்தாளும் வந்து, எம்பிள்ளைக்கும் வரும் டீச்சர், எம்பிள்ளைக்கும் வரும்னு நிப்பாங்க. போன வருஷத்துப் பிள்ளைங்க, அதுக்கு முந்தின வருஷத்துப் பிள்ளைங்க, திருப்பூர்ல இருக்கவன், எல்லாரும் வந்து நிப்பாங்க. ஒரு பிள்ளைக்காக எல்லாத்தையும் கலைக்க முடியுமா?

வராதுன்னும் நான் சொல்லலம்மா. அந்த வார்த்தை எம்வாயிலேருந்து வரவே இல்லை, பியூன் சொன்னது பொய். நான் சொன்னது இதுதான்: "இவ பாஸ் பண்ணதே பெருசு, சார்."

சார் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, சரிம்மா, டிசியை வாங்கிக்கிடுங்கன்னுட்டாரு.

இசக்கியம்மாவுக்கு ஒண்ணும் விளங்கல. டீச்சர் என்னட்டி சொல்லுதாவன்னு மகள்கிட்டக் கேட்டா. இவ எம்மேல இருந்த கண்ணை எடுக்காமலே ஆத்தாளுக்குச் சொன்னா, "நான் பாஸ் பண்ணதே பெருசுன்னு சொல்லுதாங்கம்மா."

அப்படியான்னு கேட்டா அந்தப் பொம்பளை. நான் ஏதோ அவ மகளை உசத்திச் சொல்லிட்டேன்னு நினைச்சுக்கிட்டா போல. எல்லாம் உங்க புண்ணியம் டீச்சர்னு கையெடுத்துக் கும்பிட்டா. ஆத்தா கும்பிட்டதைப் பார்த்துட்டு இவளும் கும்பிட்டா. அவ்வளவுதான் நடந்தது. இதுல எம்மேல என்ன கோவம் இருக்க முடியும்? ரெண்டு பேரும் என்னைக் கும்பிட்டுட்டுத்தாம்மா போனாங்க.